கரிசல் பருத்தி, கண்ணாடிக் கதவு, 40 சதவிகிதத் தள்ளுபடி!

மாசி வெயில் உச்சிக்கு ஏறும் முன்னே பருத்தி எடுத்து முடித்துவிட வேண்டும். தூத்துக்குடி மாவட்டம் குளத்தூரைச் சுற்றியுள்ள கரிசல் காடுகளில் பெண்கள் விடிந்ததும் இறங்கிவிடுவது அதனால்தான். காலை ஈரம் இருக்கும்போது எடுத்தால் காய்ந்த இலைச் சருகு பஞ்சில் ஒட்டாது. இடுப்பில் பழைய சேலையை மடியாகக் கட்டிக்கொண்டு, வெடித்த காயிலிருந்து பஞ்சை மட்டும் லாகவமாக உருவிப் போடுவார்கள். எது நல்ல பருத்தி, எது கறை பிடித்த கொட்டுப் பருத்தி என்று கண்ணைவிடக் கைதான் முதலில் சொல்லும்.

அதே கை, சென்னை நுங்கம்பாக்கம் காதர் நவாஸ்கான் சாலையில் ஒரு பொட்டீக்கின் கண்ணாடிக் கதவைத் தள்ளத் தயங்குகிறது.

குளத்தூரிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் இன்று ஏராளம். முதல் போனஸில் அம்மாவுக்கு ஒரு நல்ல சேலை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு இருக்கிறது. கல்யாணம் கூடிவந்தால் 'டிசைனர்' என்ற சொல் வீட்டுக்குள் தானாக வந்துவிடுகிறது. இன்ஸ்டாகிராமில் 'எண்ட் ஆஃப் சீசன் சேல்... ஃபிளாட் 40%' என்று ஒரு படம் ஓடும். உடனே கிளம்பிவிடுவார்கள். உள்ளே நுழைந்ததும் ஏ.சி குளிரும் மெல்லிய இசையும். பின்னாலேயே ஒரு விற்பனையாளர் நிழல்போல வருவார். சேலையைத் தொடலாமா என்றே அம்மாவுக்குச் சந்தேகம். விலை அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மகளின் காதில் "வா, போயிரலாம்" என்று கிசுகிசுப்பார்.

கோவில்பட்டி ஜவுளிக் கடையில் அவர் இப்படி இல்லை. அங்கே ஜமுக்காளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நாற்பது சேலையைப் பிரித்துப் போடச் சொல்லி, நூலைப் பிரித்துப் பார்த்து, சாயம் போகுமா என்று கேட்டு, கடைசியில் பில் போடும்போதும் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லும் மனுஷி. அந்தக் கெட்டிக்காரத்தனம் முழுவதையும் அவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்போடு சேர்த்து விட்டுவிட்டு உள்ளே போகிறார். உயர்ரகக் கடையில் பேரம் பேச முடியாது என்பது உண்மை. ஆனால் துணி பார்க்க அவருக்குத் தெரியும் என்பதும் உண்மைதானே?

பருத்தி புடவையாய்க் காய்க்காது

நினைக்காத அதிர்ஷ்டம் வந்தால் 'பருத்தி புடவையாய்க் காய்த்தது' என்பார்கள். பருத்தி அப்படிக் காய்ப்பதில்லை என்பது கரிசல்காட்டுக்காரர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. எட்டயபுரத்தில் பாரதியாரின் தந்தை சின்னசாமி ஐயர் பஞ்சாலை தொடங்கி நொடித்துப்போன கதை இந்த வட்டாரத்தில் எல்லோரும் அறிந்தது. திருநெல்வேலிச் சீமைப் பருத்தி 'டின்னவெல்லி' என்ற பெயரிலேயே தூத்துக்குடித் துறைமுகம் வழியாகச் சீமைக்குப் போனது. அதை நம்பி ஹார்வி சகோதரர்கள் ஆலைகள் கட்டினார்கள். அவர்களுடைய கோரல் மில்லில்தான் 1908-ல் வ.உ.சி-யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர்களுக்காக வேலைநிறுத்தம் நடத்தினார்கள். வ.உ.சி பிறந்த ஒட்டப்பிடாரமும் இதே கரிசல் வட்டாரம்தான்.

இனி ஒரு சின்னக் கணக்கு. கைத்தறிப் பருத்திச் சேலை ஒன்று ஏறக்குறைய 450 கிராம் எடை இருக்கும். காட்டிலிருந்து வரும் விதைப் பருத்தியில் மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு, மீதி விதை. நூற்பில் போகும் கழிவையும் சேர்த்தால் ஒரு சேலைக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ விதைப் பருத்தி தேவை. நடுத்தர இழைப் பருத்திக்கு மத்திய அரசு 2025-26 பருவத்துக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,710 ரூபாய். அதாவது கிலோ 77 ரூபாய். ஆக, ஒரு சேலைக்கான பருத்தியின் விலை 120 ரூபாய்க்குள்.

அந்தச் சேலை பொட்டீக்கில் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 40 சதவிகிதத் தள்ளுபடி என்றால் 2,400 ரூபாய் குறைகிறது. குறைத்த பணத்தில் மட்டும் இருபது சேலைக்கான பருத்தியை வாங்கிவிடலாம்!

இதைப் படித்ததும் பொட்டீக் என்றாலே கொள்ளை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பஞ்சு அரைக்க, நூற்க, சாயம் போட, பாவு ஓட்ட, நெய்ய என்று எத்தனையோ கை மாறுகிறது. சாதாரணக் கட்டம்போட்ட சேலை ஒன்றிரண்டு நாளில் தறியிலிருந்து இறங்கும். முந்தியில் கையால் புட்டா கோத்தால் வாரக்கணக்காகும். அதற்கு மேல் வடிவமைப்பாளரின் உழைப்பு, கடை வாடகை, விளம்பரம். எல்லாவற்றையும்விடக் கனமான செலவு இன்னொன்று உண்டு. அது விற்காமல் தங்கிப்போகும் சரக்கு. முழு விலையில் ஒருவர் வாங்கும் சேலையில், யாரும் வாங்காமல் அலமாரியில் கிடக்கும் சேலையின் விலையும் சேர்ந்தேதான் இருக்கிறது.

விலை ஏன் இறங்குகிறது?

ஆடித் தள்ளுபடிக்குக் காரணம் நமக்குத் தெரியும். ஆடியில் கல்யாணம் இல்லை, காட்டில் விதைப்பதற்குக் கையிருப்பு வேண்டும், கடையில் ஈயாடும். வியாபாரிகள் விலையைக் குறைத்து ஆட்களை இழுத்தார்கள். இன்று அதுவே தனித் திருவிழாவாகிவிட்டது. டிசைனர் கடைகளின் கணக்கு கொஞ்சம் வேறு. அங்கே ஆண்டுக்கு இரண்டு முறை, ஆடியை ஒட்டியும் தையை ஒட்டியும், பழைய 'கலெக்‌ஷன்' போய்ப் புதியது வர வேண்டும். துணி கெட்டுப்போகாது. ஆனால் ஃபேஷன் பழையதாகிவிடும்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிலீன்ஸ் என்ற பெரிய கடை, இதைச் சமாளிக்க 1909-லேயே ஒரு வேடிக்கையான வழி கண்டது. தன் கட்டடத்தின் நிலவறையில் மலிவுப் பிரிவு திறந்தது. ஒவ்வொரு துணியிலும் வந்த தேதி இருக்கும். 12 விற்பனை நாள்களில் போகாவிட்டால் விலை கால்வாசி குறையும். 18 நாளில் பாதி. 24 நாளில் முக்கால். 30 நாள் ஆகியும் விற்காவிட்டால் தர்ம ஸ்தாபனத்துக்கு. வாங்க வருபவர்கள் தேதியைப் பார்த்து மனதுக்குள் சூதாடுவார்கள். இன்று வாங்கலாமா, இன்னும் ஆறு நாள் பொறுக்கலாமா, அதற்குள் வேறொருத்தி கொத்திக்கொண்டு போய்விடுவாளோ? பணக்கார வீட்டுப் பெண்ணும் தட்டச்சு வேலைக்குப் போகும் பெண்ணும் ஒரே மேஜையில் முட்டி மோதினார்கள். நூறாண்டுக்கு மேல் நீடித்த அந்தப் பெயர் 2011-ல் இழுத்து மூடப்பட்டது.

எல்லா நிறுவனங்களும் இப்படித் தாராளமாக இருந்துவிடவில்லை. விலையைக் குறைத்தால் பெயரின் மவுசு குறைந்துவிடும் என்று பயந்து சரக்கையே எரித்தவர்களும் உண்டு. லண்டனின் பர்பெரி நிறுவனம் ஒரே ஆண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள பொருள்களை அழித்தது 2018-ல் தெரியவந்தபோது உலகமே திட்டியது. சில வாரங்களிலேயே அந்த வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்ன ஊர்க்காரர்களுக்கு, புதுத் துணியைக் கொளுத்துவது மூளைக்கே எட்டாத விஷயம்.

பெயர் மட்டும் மலிவாக வந்தால்...

டிசைனர் பேரம் என்றதும் இந்தியாவில் பலருக்கும் நினைவுக்கு வருவது 2021 ஆகஸ்ட். லட்சங்களில் கல்யாண லெஹங்கா விற்கும் சப்யசாச்சி முகர்ஜியும், ஸ்வீடன் நாட்டு மலிவு ஃபேஷன் நிறுவனமான ஹெச் அண்ட் எம்-மும் கைகோத்தார்கள். சேலை 9,999 ரூபாய். ஆன்லைனில் விற்பனை திறந்த சில நிமிடங்களில் பெரும்பாலானவை காலி. கிடைக்காதவர்கள் சமூக வலைதளங்களில் புலம்பினார்கள்.

புலம்பல் அடங்குவதற்குள் வேறொரு குரல் எழுந்தது. ராஜஸ்தானின் சாங்கானேர் மரத்தச்சு அச்சுக் கலையை நினைவூட்டும் பூ வேலைப்பாடு அந்தத் துணிகளில் இருந்தது. ஆனால் அவை மரத்தச்சில் கையால் அச்சிட்டவை அல்ல, இயந்திரத்தில் டிஜிட்டலாக அச்சிட்டவை. கைவினை அமைப்புகள் பல சேர்ந்து திறந்த மடல் எழுதின. கைவினைஞர்களின் கலையைக் காட்டி விற்றுவிட்டு அவர்களுக்கு வேலை தராமல் விடலாமா என்பது அவர்கள் கேள்வி. இந்திய வடிவமைப்பை உலக வரைபடத்தில் கொண்டுபோய் வைப்பதே நோக்கம் என்று சப்யசாச்சி பதில் சொன்னார். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கலாம். வாங்குபவர் கவனிக்க வேண்டியது வேறு. அந்த 9,999 ரூபாய்க்கு வந்தது பெயரும் படமும். முழு விலைச் சேலையில் இருக்கும் கைவேலை அதில் வரவில்லை. அது தெரிந்தே வாங்கினால் தவறில்லை. 'லட்ச ரூபாய்ச் சேலை பத்தாயிரத்துக்கு' என்று நினைத்து வாங்கினால்தான் ஏமாற்றம்.

'அவுட்லெட்' கடைகளிலும் இதே சிக்கல் உண்டு. பெரிய கடையில் மிஞ்சியதுதான் அங்கே வருகிறது என்று நாம் நம்புகிறோம். ஆனால் அவுட்லெட்டுக்கென்றே தரம் குறைத்துத் தனியாகத் தைத்து, ஒருநாளும் விற்காத ஒரு 'பழைய விலை'யை அட்டையில் அடித்துக் கோடுபோட்டு விற்கிறார்களா என்று விசாரிக்கச் சொல்லி, 2014-ல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் அந்நாட்டு வர்த்தக ஆணையத்துக்குக் கடிதமே எழுதினார்கள். அட்டையில் அடிக்கப்பட்டிருக்கும் விலைக்கு அந்தத் துணி என்றைக்காவது விற்றதா? இந்தக் கேள்வியைக் குளத்தூர்ச் சந்தையில் கேட்கலாம் என்றால் பொட்டீக்கிலும் கேட்கலாம்.

வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள்

கடைக்குள் எரிவது மஞ்சள் விளக்கு. அதன் கீழே எந்தச் சேலையும் அழகுதான். தள்ளுபடித் துணியை முதலில் வாசல் பக்கம், பகல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போக வேண்டும். தரமான கடை எதுவும் இதற்கு முகம் சுளிக்காது.

பல மாதம் மடித்தே இருந்த சேலையில் மடிப்புக் கோட்டில் நிறம் வெளுத்திருக்கும். பட்டாக இருந்தால் அந்த மடிப்பில் நூல் நைந்திருக்கவும் கூடும். முழுதாக விரிக்கச் சொல்லி ஒருமுறை உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் போதும். கண்ணாடி ஜன்னலில் பொம்மைக்குக் கட்டியிருந்த சேலை என்றால் ஒரு பக்கம் மட்டும் வெயில் தின்றிருக்கும். ஜரிகை கறுத்திருக்கிறதா என்று முந்தியைப் புரட்டிப் பார்க்க வேண்டும். தைத்த உடை என்றால் கழுத்தோரத்தில் மேக்கப் கறை, அக்குளில் தையல் விட்டிருப்பது, கொக்கி இல்லாதது. பலர் போட்டுப் பார்த்துக் கழற்றியதன் அடையாளங்கள் இவை. இந்தக் குறைகள் உள்ள துணியை வாங்கவே கூடாது என்பதில்லை. கொக்கியைப் பத்து ரூபாயில் வைத்துவிடலாம். நைந்த பட்டை எவராலும் மீட்க முடியாது. இரண்டுக்கும் ஒரே 40 சதவிகிதம் என்றால் எதை எடுப்பது என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

'ஹேண்ட்லூம்' என்று சொன்னால் ஓரத்தைப் பாருங்கள். நெய்யும்போது துணியின் அகலம் சுருங்காமல் விறைப்பாகப் பிடிக்க இரு கரையிலும் குச்சி மாட்டுவார்கள். அதன் முனை குத்திய பொடி ஊசித் துளைகள் கைத்தறிச் சேலையின் ஓரத்தில் பெரும்பாலும் தெரியும். நெசவும் அச்சு வார்த்ததுபோல இராது, அங்கங்கே இழை சற்று ஏறி இறங்கும். மத்திய அரசின் கைத்தறி முத்திரை 2006 முதல் இருக்கிறது. பட்டுக்கு சில்க் மார்க், 2004-ல் வந்தது. 'மரத்தச்சு அச்சு' என்றால் துணியைத் திருப்பிப் பாருங்கள். கையால் அச்சிட்டதில் சாயம் பின்பக்கமும் இறங்கியிருக்கும், ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் மயிரிழை விலகல் இருக்கும். பின்பக்கம் வெளிறி, முன்பக்கம் ஒரு பிசிறும் இல்லாமல் இருந்தால் அது இயந்திர அச்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அளவு விஷயத்தில் தள்ளுபடிக் கடை இரக்கமே காட்டாது. மிஞ்சுவது மிகச் சிறியதும் மிகப் பெரியதும்தான். பெரியதை எடுத்துப் பிடித்துத் தைக்கலாம். சிறியது என்றால் உள்தையலில் மடித்துவிட்ட துணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு விரல்கடை இருந்தால் நம்ம ஊர் டெய்லர் பார்த்துக்கொள்வார். 'உடம்பு இளைச்சதும் போட்டுக்கலாம்' என்று வாங்கிய உடைகள் எத்தனை பீரோக்களில் தூங்குகின்றன என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த ரகசியம்.

பில்லையும் கொஞ்சம் படியுங்கள்

2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு ஜி.எஸ்.டி 5 சதவிகிதம், அதைத் தாண்டினால் 18 சதவிகிதம். தைக்காத சேலை, துணிக் கணக்கில் வருவதால் 5 சதவிகிதம்தான். வரி தள்ளுபடி போக விற்கும் விலைக்குத்தான். 3,000 ரூபாய்க் குர்தா 20 சதவிகிதத் தள்ளுபடியில் 2,400-க்கு வந்தால் அதற்கு 5 சதவிகிதமே பொருந்தும். பில்லில் 18 இருந்தால் கேட்க வேண்டியதுதான்.

அட்டையில் எம்.ஆர்.பி என்று இருந்தால் அதில் எல்லா வரியும் அடக்கம். '40 சதவிகிதத் தள்ளுபடி' என்று விளம்பரம் செய்துவிட்டு, குறைத்த விலைக்கு மேல் வாட் வரியைத் தனியாக வசூலித்த வழக்கில், அது வாடிக்கையாளரைத் திசைதிருப்பும் செயல் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017-ல் தீர்ப்பளித்தது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகைக்கும் பயப்பட வேண்டாம். பொருளில் குறை இருந்தால், பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிகம். தள்ளுபடியில் வாங்கியதால் இந்த உரிமை போய்விடாது. வாங்கும்போதே குறையைச் சுட்டிக்காட்டி 'டேமேஜ் பீஸ்' என்று விற்றிருந்தால் மட்டும் கதை வேறு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

குறைத்தது யாருடைய பங்கு?

கோ-ஆப்டெக்ஸ் 1935-ல் தொடங்கியது. தீபாவளிக்கு அங்கே கொடுக்கும் 30 சதவிகிதத் தள்ளுபடி எல்லோருக்கும் தெரியும். அதன் பின்னால் அரசின் தள்ளுபடி மானியம் இருக்கிறது, அதனால் சேலை விலை குறையும்போது நெய்தவரின் கூலியில் கைவைக்க வேண்டியதில்லை. சில சேலைகளோடு நெய்தவரின் படமும் பெயரும் போட்ட அட்டையையே இணைத்து விற்றிருக்கிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற மதுரை சுங்குடியும் காரைக்குடி கண்டாங்கியும் குளத்தூர்க்காரர்களுக்கு எட்டாத தூரமில்லை. அருப்புக்கோட்டை, பரமக்குடித் தறிகள் இன்னும் பக்கம். பொட்டீக்கில் 'ஹெரிட்டேஜ் வீவ்' என்று ஆங்கிலப் பெயரில் தொங்குவதன் சொந்தக்காரர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்.

தள்ளுபடியே அதிகம் இல்லாத சில கடைகளும் உண்டு. கரிசலின் சொந்தப் பருத்தி கருங்கண்ணி. ஆணிவேர் ஆழமாக இறங்கி, வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பி வளரும் நாட்டு ரகம். கோவில்பட்டியில் 1901 முதல் இயங்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இந்த ரகத்தை மேம்படுத்திப் புதுப்புது வித்துகளைத் தந்தது. ஆனால் அதன் இழை குட்டை. வேகமாக ஓடும் பெரிய ஆலை இயந்திரங்களுக்கு நீள இழைதான் வேண்டும். அதனால் அமெரிக்க ரகங்களும், 2002-க்குப் பிறகு பி.டி பருத்தியும் காட்டைப் பிடித்துக்கொண்டன. கை ராட்டைக்கோ குட்டை இழையே பொருத்தம். 2013-ல் சென்னையில் தொடங்கிய 'துலா' அமைப்பு, மானாவாரியில் ரசாயனமில்லாமல் விளைந்த நாட்டுப் பருத்தியை விவசாயிகளிடம் வாங்கி, கையால் நூற்று, இயற்கைச் சாயமேற்றி, கைத்தறியில் நெய்து சட்டையும் குர்தாவும் தைக்கிறது. இப்படிப்பட்ட துணியில் ஒவ்வொரு கைக்கும் கூலி போய்விடுவதால் பாதி விலைக்கு இறக்க இடமே இருக்காது. சட்டையின் விலை முதலில் மலைக்க வைக்கும். துவைக்கத் துவைக்க மென்மையாகும் அந்தத் துணியை வருடக்கணக்கில் உடுத்துபவர்கள் கணக்கு வேறு மாதிரி போடுகிறார்கள்.

மறுபக்கம், 3,600 ரூபாய்க்குத் தள்ளுபடியில் வாங்கிய சேலைக்கு ஃபால்ஸ், ரவிக்கைத் தையல், ஒவ்வொரு முறையும் டிரை கிளீனிங் என்று செலவு தொடரும். ஒரு கல்யாணத்துக்கும் ஒரு காதுகுத்துக்கும் கட்டிவிட்டு, 'போட்டோவுல ஏற்கெனவே வந்துருச்சு' என்று பீரோவில் வைத்துவிட்டால், ஒருமுறை கட்ட ஆன செலவு இரண்டாயிரத்தைத் தாண்டிவிடும். கோவில்பட்டிக் கடையில் ஐம்பது ரூபாய்க்கு மல்லுக்கட்டிய அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னால், மகளை முதுகில் ஒன்று வைப்பார்.

அடுத்த முறை மகளோடு அவர் பொட்டீக்குக்குப் போனால் செய்ய வேண்டியது அதிகமில்லை. சேலையைத் தொட்டு, கசக்கி, முகர்ந்து, திருப்பி, நூலைப் பிரித்துப் பார்த்து, "இது எந்த ஊர்த் தறி?" என்று கேட்டால் போதும். பதில் தெரிந்த கடையில் விற்பனையாளரின் முகம் மலர்ந்துவிடும். தெரியாத கடையில் மேனேஜரைக் கூப்பிடப் போவார். அவர் திரும்பி வருவதற்குள் சேலையை முழுவதுமாக விரித்துப் பார்த்துவிடலாம்.

தை மாதத் தள்ளுபடி விற்பனை முடிந்து, பொட்டீக் ஜன்னல்களில் கோடைக்காலப் பருத்தி உடைகள் வந்து தொங்கும் நேரத்தில், குளத்தூர்க் கரிசலில் ஐப்பசியில் விதைத்த பருத்தி வெடித்து முதல் எடுப்புக்குத் தயாராக நிற்கும்.